வேலிக்கு அந்தப் பக்கத்து மணி

குகதாசன் வேலிக்கு அந்தப் பக்கம் போனது வைகாசி மாதத்து மழை ஞாயிறு ஒன்றில், கூட வந்த மற்ற ஆட்கள் மேட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனால் மத்தியானம் என்ன கறியாக இருக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான். அதனால் அவர் போனதை ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கவில்லையே என்று அன்றைக்கு ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவுமில்லை.

அவர்கள் எல்லாரும் லண்டனின் தென்புறத்தில் பலசரக்குக் கடை வைத்தும், பெற்றோல் செட்டில் காசு வாங்கியும், தபால் பிரித்தும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். டாக்டர் சீனி என்றும் கொழுப்பு என்றும் வெருட்டிய பிறகு ஒரே நிறத்தில் மஞ்சள் சட்டை அடித்து, ஞாயிறு காலையில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு கென்ட் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், அப்பிள் தோட்டங்களுக்கும் பழைய தேவாலயங்களுக்கும் நடுவே இரண்டு பக்கமும் பச்சை வேலி உயர்ந்த ஒடுக்க ஒழுங்கைகளில் வரிசையாக ஓடுவார்கள், திரும்பிவந்து சைக்கிளில் கரைத்ததைவிட இரண்டு மடங்கு ஆட்டிறைச்சி சாப்பிடுவார்கள். வரிசைக்குத் தலைவர் நித்தியகுமார், சட்டைக்குக் காசு போட்டவர் என்பதால். வரிசைக்குக் கடைசி குகதாசன், ஒருவரையும் முந்துகிற எண்ணம் சிறுவயதிலிருந்தே இல்லாதவர் என்பதால். அவருக்கு முன்னால் யூட், குருநகர்க்காரர், பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் சண்டைக் காலத்தில், பெற்றோலும் பற்றரியும் இல்லாமல், விளக்கில்லாத சைக்கிள்களில் ஆள் பின்னால் ஆளாக இருட்டில் போகும்போது, முன்னுக்குப் போகிறவன் சந்தியில் நின்று ஒரு மணி அடிப்பான், அடுத்தவன் ஒரு மணி, அதற்கடுத்தவன் ஒரு மணி என்று அது கை மாறிக் கை மாறிப் பின்னுக்குப் போய், கடைசி ஆள் இரண்டு மணி அடித்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம், வரிசை நகரும். திரும்பிப் பார்க்கக் கூடாது. இருட்டில் கழுத்தைத் திருப்பியவன் சைக்கிளையும் திருப்பிக் குளத்துக்குள் விழுந்த கதைகள் உண்டு. இங்கிலாந்தின் பட்டப்பகலில், கார் கூட வராத ஒழுங்கையில் இந்த வழக்கத்துக்கு ஒரு தேவையும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் அவர்கள் மணியைப் பின்னுக்கு அனுப்பினார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவர்கள் ஊரிலிருந்து உடையாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரே சாமான்.

அந்த ஞாயிறும் மேட்டின் உச்சிச் சந்தியில் மணி பின்னுக்குப் போனது, கடைசியில் இரண்டு மணி கேட்டது, நித்தி "போவம்" என்றார், போனார்கள். அடுத்த சந்தியில்தான் அந்த இரண்டு மணி பின்னாலிருந்து வராமல் இடப்பக்க வேலிக்கு அப்பாலிருந்து வருவதை யூட் கவனித்தார்.

"டேய் குகன், எங்கயடா நிக்கிறாய்?"

"இஞ்சதான்," என்றது குகதாசனின் குரல், வேலிக்குள்ளால். "நீங்கள் போங்கோ, நான் வாறன்."

வேலி ஆளுயரத்துக்கும் மேல், முள்மரமும் கொடியும் பின்னிக் கண் நுழையாத அடர்த்தி. கொஞ்சத் தூரத்தில் வேலிக்கு நடுவே வந்த வயல் படலையால் எட்டிப் பார்த்தார்கள். கோதுமை வயல் மழையில் நனைந்துகொண்டிருந்தது, ஆளில்லை. படலையைத் தாண்டி வேலி தொடங்கியதும் மணியும் தொடங்கியது. இவர்கள் ஓடினால் கூடவே ஓடியது, நின்றால் நின்றது. வேலி முடிந்து ரயில் நிலையத்துக் கட்டிடங்கள் வந்த இடத்தில் அதுவும் முடிந்தது. குகன் எங்கேயாவது சுத்திக்கொண்டு வருவான் என்று அவர்கள் ரயில் ஏறினார்கள்.

குகதாசனின் மனைவி யோகமலர் சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, நித்தி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. ஆள் சுகமா இருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான், அவ்வளவுதான்."

மலர் பயப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் என்பது அவளுக்கு அந்நியமான இடமில்லை. அவள் பிறந்த ஊரில் பாதி வாழ்க்கை வேலிக்கு மேலால்தான் நடந்தது, நெருப்பு வாங்கினதும் கறி கொடுத்ததும் கலியாணம் பேசினதும் வேலிக்கு மேலால்தான். அடுத்த நாள் திங்கட்கிழமை மத்தியானம் மகள் அபிரா காரில் அவளை அந்த ஒழுங்கைக்குக் கூட்டிப்போனாள். மேட்டின் அடிவாரத்தில் இறங்கி நின்று, மலர் வேலியைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னப்பா, அங்க என்ன செய்யிறியள்?"

வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒண்டுமில்லை. கால் கொஞ்சம் மரத்துப்போச்சு. நல்லா நனைஞ்சிட்டன்."

"சாப்பாடு கொண்டந்தனான்."

"பசிக்கேல்லை. நீர் போம், நான் வாறன்."

மலர் சாப்பாட்டுப் பார்சலை வேலிக்கு மேலால் எறிந்தாள். அந்தப் பக்கத்தில் அது விழுகிற சத்தம் கேட்டது. அபிரா படலையால் ஓடிப்போய் வயல் பக்கம் பார்த்தாள். அங்கே பார்சல் இல்லை. அப்படியென்றால் வாங்கிவிட்டார் என்று இருவருக்கும் பெரிய நிம்மதி. வீட்டுக்கு வந்தார்கள்.

பொலிஸ் வந்தது. ஒரு இளம் பொலிஸ்காரி வேலியோடு நின்று குகதாசனுடன் கதைத்து, பெயரும் பிறந்த திகதியும் கேட்டு, வளர்ந்த ஆள் ஒருவர் தன் விருப்பத்துக்கு ஒரு இடத்தில் இருப்பதும், கேட்டால் பதில் சொல்வதும் காணாமல்போன கணக்கில் வராது என்று மரியாதையாக விளங்கப்படுத்தினாள். வயலின் சொந்தக்காரர் மிஸ்டர் ஹோல்ட், நாயோடு வந்த கிழவர், விசயத்தைக் கேட்டுத் தொப்பியைக்கூடத் தூக்காமல் தலையாட்டினார். "இது பழைய வேலி," என்றார். "தேவாலயத்தைவிடப் பழசு. பார்க்கிறதைவிட அகலம். ஆட்கள் உள்ளே போகிறதுதான்." வெள்ளைக்காரர் மழையைப் பற்றிச் சொல்வதுபோல் இதையும் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சனம் பழகிக்கொண்டது. எதற்கும் பழகிக்கொள்கிற சனம் அது. இடம்பெயர்ந்தால் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்தியது, பனி கொட்டினால் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுத் தேர் இழுத்தது, இப்போது ஒரு மனிதன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதற்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டது. ஞாயிறு வரிசை நீண்டது. மலர் மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு முதல்தடவையாகச் சேலையை விட்டுக் காற்சட்டை போட்டு, யூட்டுக்குப் பின்னால் ஓடினாள். கடைசி இடத்தை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை, சந்தியில் கடைசி இரண்டு மணி வேலிக்கு அப்பாலிருந்து தவறாமல் வந்ததால் எடுக்க வேண்டியிருக்கவுமில்லை. பெண்கள் புட்டும் சம்பலும் கட்டி வந்து எறிந்தார்கள். கோயில் ஐயர் விபூதியை வேலிமேல் தூவினார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து குகதாசன் மாமாவுக்கு ஆத்திசூடி சொன்னார்கள். ஊர்ச்சபை, சைக்கிள்காரர் மெதுவாகப் போகவும் வேலிக்குள் ஆள் உண்டு என்று ஒரு பலகை நட்டது, எழுத்துப்பிழை இல்லாமல். ஆனியில் அடிவாரத்துப் பக்கம் ஒரு கெட்ட மணம் எழும்பியபோது, வயலுக்குச் சாணம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி ஊதுபத்தி கொளுத்தினார்கள், மல்லிகைச் சரம் வாங்கி எறிந்தார்கள், மணம் ஆடியில் போய்விட்டது.

குகதாசன் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஊரில் இருந்தபோதும் அவர் அதிகம் பேசியவரல்ல, ஆகவே ஒருவரும் அதைக் குறையாக எடுக்கவில்லை.

தில்லைநாயகி வந்தது அந்த நாட்களில்தான். முள்ளிவாய்க்கால் பக்கத்து மனிசி, எழுபது வயது, மகளோடு வடக்கு லண்டனில் இருக்கிறவர். கடைசிச் சண்டை நேரம் குழந்தை ஒன்றுக்குப் பால்மா வாங்கச் சைக்கிளில் போன அவருடைய மகன் இன்னும் வரவில்லை. அவர் வேலியோடு நெற்றியை ஒட்டிக் கேட்டார்.

"தம்பி, அங்க உங்களோட வேற ஆக்கள் நிக்கினமோ?"

"மணிச் சத்தம் கேக்குது," என்றார் குகதாசன். "தூரத்தில. கனபேர் போகினம்."

தில்லைநாயகி அப்படியே நிலத்தில் குந்தி அழுதார், சந்தோசத்தில். அடுத்த ஞாயிறு பேருந்து பிடித்துச் சனம் வந்தது, வவுனியாவில் பிள்ளையைக் கொடுத்தவர்கள், ஓமந்தையில் புருசனை ஆமியிடம் கையளித்தவர்கள், படங்களை நெஞ்சோடு பிடித்தபடி ஆப்பிரிக்காக்காரர் சிலர்கூட. எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எல்லாருக்கும் குகதாசன் ஒரே பதிலைச் சொன்னார், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தூரத்து மணிகளில் தங்கள் பிள்ளையின் மணியைக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். மலருக்குத் தன் புருசன் ஊருக்கே உதவுகிறார் என்று பெருமையாக இருந்தது. கூடவே அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆவணியில் மழையே இல்லை. புல் காய்ந்து மஞ்சளாகி, ஒழுங்கைப் புழுதி பற்களில் கடிபட்டது. அபிராவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியோடு மலர் வேலியடிக்குப் போனாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு மருத்துவம் கிடைச்சிட்டுது."

"பிள்ளைக்குச் சொல்லும், பயப்பிடவேண்டாம் எண்டு."

"என்னத்துக்குப் பயப்பிடுறாள்? சந்தோசமா நிக்கிறாள்."

"நல்லா நனைஞ்சிட்டன்," என்றார் குகதாசன்.

சுற்றி நின்றவர்கள், பாருங்கோ தகப்பன் எப்படி ஆனந்தக் கண்ணீரில் நனைந்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்தார்கள். மலருக்கு வெயிலுக்குள் குளிர்ந்தது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் காருக்குள் இருந்து அவர் இத்தனை மாதமும் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நனைஞ்சிட்டன். கால் மரத்துப்போச்சு. பசிக்கேல்லை. மணிச் சத்தம் தூரத்தில கேக்குது. பிள்ளைக்குச் சொல்லும். நீர் போம், நான் வாறன். எல்லாம் ஒரே நாளுக்குரிய பேச்சு, அவர் வேலிக்குள் போன அந்த மழை நாளுக்குரியது. குகதாசன் குடல்வால் வெடிக்கப்போன நேரத்திலும் "ஒண்டுமில்லை, நீர் வேலைக்குப் போம்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் சுருண்டு கிடந்த மனிதர் என்பது அவளைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தும் அவள் இத்தனை மாதமாக அவர் போகச் சொன்னபோதெல்லாம் போயிருக்கிறாள்.

புரட்டாதி பிறந்தது. குருவி கூடு கட்டுகிற காலம் முடிந்துவிட்டதால் வேலியை வெட்டப்போவதாக மிஸ்டர் ஹோல்ட் சொல்லியனுப்பினார். சனம் கொதித்தது. வெட்டக்கூடாது, வெட்டினால் எங்கள் பிள்ளைகளின் மணி நின்றுவிடும் என்று நித்தி வீட்டில் கூட்டம் போட்டார்கள், ஞாயிறு எல்லாரும் போய் வேலியடியில் நிற்பது, குகதாசனின் மனைவி என்ற முறையில் மலர்தான் முன்னுக்கு நின்று கிழவரோடு பேசுவது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு, மேட்டின் உச்சிச் சந்தியில், மிஸ்டர் ஹோல்ட் வெட்டு மெசினோடு ஓரமாக நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நித்தி வழமைபோல முதல் மணியை அடித்தார். மணி பின்னுக்கு வந்தது. யூட் அடித்தார். மலர் அடித்தாள். வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு மணி கேட்டது.

"போவம்," என்றார் நித்தி.

"கடைசி ஆள் வரேல்லை," என்றாள் மலர்.

"மணி கேட்டதுதானே அக்கா."

"மணி கேட்டது. ஆள் வரேல்லை."

"திரும்ப அடிக்கிறான் பாருங்கோ," என்றார் யூட்.

"அடிக்கட்டும். ஒருத்தரும் போகக் கூடாது. ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லக் கூடாது."

அதுவரை அவர்களின் வரிசையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, சொன்னால் என்ன செய்வது என்பதற்கும் வழக்கத்தில் இடமில்லை. ஆகவே நின்றார்கள். வேலிக்கு அப்பால் மணி அடித்தது, நின்றது, பிறகும் அடித்தது. இத்தனை மாதமும் இவர்கள் ஓடியதால் கூட ஓடிய மணி, இவர்கள் நகராததால் நகர இடமில்லாமல் தான் இருக்கிற இடத்திலிருந்தே அடித்தது. அது பக்கத்தில் இல்லை. பின்னால், மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. மலர் சைக்கிளை நிலத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நித்தி பார்த்தார், யூட் பார்த்தார், வரிசை முழுக்கக் கழுத்தைத் திருப்பியது.

மணி வந்த பக்கமாக எல்லாரும் திரும்பி இறங்கிப்போனார்கள். அடிவாரத்தில், மலர் முதல் பார்சலை எறிந்த இடத்துக்கு நேரே, மணி காலடியில் கேட்டது. மிஸ்டர் ஹோல்ட் மெசினை விட்டுவிட்டுக் கைக்கத்தியோடு பின்னால் வந்திருந்தார். "சொன்னேனே, பார்க்கிறதைவிட அகலம் என்று," என்றார், இந்த முறை தொப்பியைக் கழற்றிக்கொண்டு. "இது ஒரு வேலி இல்லை. இரண்டு வேலி. நடுவில் கிடங்கு, ஆழமான நீட்டுப் பள்ளம்."

ஒழுங்கைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் ஒழுங்கை வேலியைப் பார்த்தார்கள். வயல் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வயல் வேலியைப் பார்த்தார்கள். நடுவில் ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கூப்பிட்டால் பதில் வந்துகொண்டிருந்தது.

மிஸ்டர் ஹோல்ட் வெட்டி வழி விட, மலர் சுணைக்கிற காஞ்சோண்டிச் செடிக்குள் கையை விட்டு விலக்கிக்கொண்டு இறங்கினாள். கிடங்கின் அடியில் கொடி சுற்றிய சைக்கிள் கிடந்தது, அதன் கீழே மஞ்சள் சட்டை கிடந்தது, சட்டைக்குள் குகதாசனில் மிஞ்சியது கிடந்தது. அவரைச் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நெஞ்சிலும், ஊர் முழுக்க எறிந்த பார்சல்கள் ஒன்றுகூட அவிழ்க்கப்படாமல் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன, மல்லிகைச் சரங்கள் கறுத்துக் கிடந்தன. சைக்கிள் முழுக்கத் துருப்பிடித்திருந்தது, மணி மட்டும் யாரோ தினமும் துடைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது. மலர் தொட்டதும் அது ஒரு தடவை ஒலித்து நின்றது. பிறகு அந்த வேலியில் எந்த மணியும் கேட்கவில்லை.

எலும்புகளைப் பார்த்த டாக்டர் ஒருவர் பிறகு மலருக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்: தலையில் அடியில்லை, தொடை எலும்பு முறிந்திருக்கிறது, எழும்ப முடியாமல் கிடந்திருப்பார், மழைக் குளிர்தான் கொண்டுபோயிருக்கும், திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை மத்தியானம் அவள் அங்கே நின்றாள், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். நீர் போம் என்றார். அவள் போனாள்.

சாம்பலைக் கடலில் கரைத்து முடிந்த பிறகு வந்த ஞாயிறு, ஒருவரும் சைக்கிள் எடுக்கவில்லை. மலர் தனியாக ரயில் ஏறி அந்த ஒழுங்கைக்குப் போனாள், ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வேலியடியில் தில்லைநாயகி கோட்டும் சேலையுமாக நின்றார், பக்கத்தில் மிஸ்டர் ஹோல்டும் நாயும். தன்னை ஏசத்தான் நிற்கிறார் என்று மலர் நினைத்தாள். மணி கேட்ட தாய்மாரில் பாதிப்பேர் அவளை ஏசிவிட்டார்கள், நீ உன்ர ஆளை எடுத்துப்போட்டாய், எங்கட பிள்ளையளைப் பேசாமல் பண்ணிப்போட்டாய் என்று. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தில்லைநாயகி ஏசவில்லை. வெட்டித் திறந்திருந்த இடத்தால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உமக்கு இங்கிலீஷ் தெரியும்தானே. இந்தக் கிடங்கு எம்மட்டுத் தூரம் போகுது எண்டு இந்தாளிட்டக் கேளும்."

மலர் கேட்டாள். மிஸ்டர் ஹோல்ட் கடற்கரை வரைக்கும் என்று கையைக் கிழக்குப் பக்கமாக நீட்டினார்.

"கடல்மட்டும் போகுதாம் அம்மா."

"கடல்மட்டும்," என்றார் தில்லைநாயகி, மகனைத் தேடிப்போக அது போதும் என்பதுபோல. சேலையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, முள்ளைப் பிடித்து, ஒரு காலைக் கிடங்குக்குள் வைத்தார். பிறகு திரும்பி மலரைப் பார்த்தார்.

"நீர் போம் பிள்ளை. நான் பாத்துக்கொண்டு வாறன்."

மலர் கைப்பையை நாயின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் கிடங்குக்குள் இறங்கினாள்.